பழைய படிவத்தை நகலெடுக்கும் சங்கத்தாருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் சங்கம், பழைய மின்படிவம் ஒன்றை நகலெடுத்து, தமிழ் வகுப்புகளைப் பற்றி வீடு வீடாகக் கணக்கெடுத்தது. ஓர் ஆயா வராந்தாவில் உட்கார்ந்து, தொண்டர் பெண் கேட்டதற்கெல்லாம் இருபது நிமிடம் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசிப் பக்கத்தில் வயதைப் பதிந்து ‘அடுத்து’ என்பதைத் தட்டியதும், “உங்கள் பிரிவில் போதிய பதில்கள் வந்துவிட்டன, நன்றி” என்று வந்து நின்றது. “மன்னித்துக்கொள்ளுங்கள், ஆயா” என்பதைத் தவிர அந்தத் தொண்டர் பெண்ணால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் 40 பேர் போதும் என்று முந்தைய கணக்கெடுப்புக்குப் போட்ட கோட்டா, அதாவது ஒரு பிரிவில் இத்தனை பேர் வந்ததும் நிறுத்திவிடும் வரம்பு, அது. நகலோடு சேர்ந்து வந்துவிட்டது. இந்த ஆண்டு இப்படி எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது.

எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “போன முறை நன்றாக ஓடியதே!” ஓடியது, உண்மைதான். போன முறையின் கேள்விக்கு, போன முறையின் ஆட்களுக்கு ஓடியது. சேமித்துவைத்த படிவம் என்றால் வண்ணமும் சின்னமும் மட்டும் என்று நினைக்கிறீர்கள். யாரை ஏற்பது, யாரை நிறுத்துவது, எந்தக் கேள்வியைத் தாண்டுவது, பெயரைப் பதிலோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு ஒருவர் எடுத்த முடிவுகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. நீங்கள் அவற்றைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

“சோதித்துத்தான் பார்த்தோம்” என்றார்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் 41ஆவது ஆளுக்கு நடப்பது எப்படித் தெரியும்? கோட்டா பக்கத்தைத் திறந்து படிக்கத்தான் வேண்டும். லைம்சர்வே என்ற இணையக் கணக்கெடுப்பு மென்பொருளில் நகலெடுக்கும்போதே கோட்டாவை விட்டுவிடலாம். தொடக்க, முடிவுத் தேதிகளையும் அழித்துவிடலாம். அந்தக் கட்டங்களைப் பார்க்காமல் தாண்டாதீர்கள்.

இன்னொரு சங்கம் மொரீஷியஸ் உறவினர் கொடுத்த படிவத்தை எடுத்துக்கொண்டது. அங்கே கைபேசி எண்ணுக்கு 8 இலக்கம், நமக்கு 10. டர்பனில் ஒருவர் எண்ணையும் அது ஏற்கவில்லை. தொண்டர்கள் கடைசி இரண்டு இலக்கங்களை வெட்டிப் பதிந்திருந்தார்கள். அந்தப் பட்டியலை வைத்து இனி யாரையும் அழைக்க முடியாது.

பதிலோடு பெயர் சேர வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணக்கெடுப்பைத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கணக்கெடுப்பு ஓடத் தொடங்கிய பிறகு அதை மாற்ற முடியாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். படிவத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது லைம்சர்வேயின் எல்எஸ்எஸ் (.lss) கோப்பை அனுப்புங்கள். அதில் கேள்விகளும் அமைப்புகளும் மட்டுமே உண்டு. எல்எஸ்ஏ (.lsa) கோப்பில் பதில்களும், பங்கேற்பாளர் பட்டியல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். 2021 ஜூலை 1 முதல் அமலாக்கப்படும் போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தத் தகவல்களுக்குச் சங்கமே பொறுப்பு. வாட்ஸ்அப் குழுவில் எல்எஸ்ஏ கோப்பு ஏற்கெனவே கிடந்தால், இன்றே நீக்கிவிட்டு, இறக்கி வைத்திருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.