கார்டில் 'சூப்பர்வைசர்' என்று போட்டுவிட்டால் நீங்கள் தொழிலாளி இல்லையா?

தி.நகரில் ஒரு துணிக்கடை. பதினோரு வருடம் புடவை மடித்து, குடோனுக்கும் கவுன்டருக்கும் ஓடிய ஓர் அக்காவை 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனால் அங்கே அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, 'நீங்க ஃப்ளோர் சூப்பர்வைசராச்சே, உங்க கேஸ் இங்க வராது' என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பள உயர்வு கேட்ட வருடத்தில் பணத்துக்குப் பதிலாகக் கிடைத்த பதவி அது!

ஒருவர் சட்டப்படி தொழிலாளியா இல்லையா என்பதைப் பதவியின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது, முதன்மையாகச் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியாயிற்று. லீவு அனுமதிக்க, மெமோ கொடுக்க, ஆள் எடுக்க உங்கள் கையெழுத்து செல்லுமா? செல்லாது என்றால் வெறும் பெயரை வைத்து உங்களை ஒதுக்க முடியாது.

பலர் சிக்கும் இடம் சம்பள வரம்பு. 1947 தொழில் தகராறு சட்டத்தில் 10,000 ரூபாயாக இருந்தது, அதன் இடத்தில் வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 18,000. 'அதைத் தாண்டினால் தொழிலாளி இல்லை' என்று எச்.ஆர். அடித்துச் சொல்வார். பாதிப் பொய். அந்த வரம்பு உண்மையிலேயே மேற்பார்வை பார்ப்பவருக்கு மட்டும்தான். கிளார்க், டெக்னீஷியன், மெஷின் ஆபரேட்டருக்கு வரம்பே கிடையாது. டிகிரி படித்திருப்பதும் ஒரு காரணம் ஆகாது.

அம்பத்தூர் பக்கம் இதே வித்தை தலைகீழாக நடக்கும். ஐ.டி.ஐ. முடித்து லேத் ஓட்டுபவரைப் பதிவேட்டில் 'ஹெல்பர்' என்று எழுதுவார்கள். குறைந்தபட்ச ஊதியம் வேலையின் திறனைப் பொறுத்து மாறும் என்பதால் மாதாமாதம் நஷ்டம். சம்பளச் சீட்டில் வேலையின் பெயர் எழுதிய அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

மனு எழுதும்போது 'நான் சூப்பர்வைசராகப் பணிபுரிந்தேன்' என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். காலையிலிருந்து இரவுவரை கையால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஷிப்ட் பட்டியல், மேலாளர் வேலை ஏவிய வாட்ஸ்அப், உங்கள் லீவு விண்ணப்பத்தில் யார் கையெழுத்து என்பதெல்லாம் சாட்சி. வேலையில் இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். வெளியே அனுப்பிய அன்றே மெயில் மூடிவிடும். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், 'செட்டில்மென்டுக்காக' என்று சொன்னாலும்.

வாய்ப்பேச்சில் திரும்பி வராதீர்கள். மனுவைக் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் பேசி முடியவில்லையென்றால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீங்கள் மனு கொடுத்த நாளுக்கு அந்த முத்திரைதான் சாட்சி.

அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை. ஐந்து வருடம் முடித்தவருக்கு, மேனேஜராகவே இருந்தாலும் உண்டு: வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அந்த அக்காவுக்கு 165 நாள் சம்பளம் வர வேண்டும். 'சூப்பர்வைசருக்கு அதெல்லாம் இல்லை' என்று கடையில் சொன்னதை நம்பி அவர் கேட்கவே இல்லை. இப்போதுதான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.