மணலுக்கு இறங்கும் மலைப் பிள்ளைகளின் தோளைப் பின்பக்கமிருந்து பாருங்கள்

நீலகிரியில் சமதரை என்பது பெரிய சொத்து. கிரிக்கெட்டுக்கோ ஃபுட்பாலுக்கோ மைதானம் வேண்டுமென்றால் மலையையே வெட்ட வேண்டும். வாலிபாலுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் இடமும் இரண்டு கம்பமும் போதும் என்பதால், தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ ஒரு கோர்ட் வந்துவிடும். பந்து சரிவில் உருண்டு தேயிலைச் செடிக்குள் போனால் யார் இறங்கி எடுப்பது என்று ஒரு சண்டையும் நடக்கும். அந்தக் கோர்ட்டுகளில் இருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். குன்னூரில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு அவர்களில் பலரை முட்டி வலியும் கணுக்கால் சுளுக்குமாகத்தான் பழக்கம். இப்போது கொஞ்ச காலமாக, பீச் வாலிபாலுக்குப் போகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகிறார்கள். 2025 மே மாதம் டையூவில் முதல் கேலோ இந்தியா பீச் கேம்ஸ் நடந்தபோது அதில் பீச் வாலிபாலும் இருந்தது. இனி இந்த ஆசை இன்னும் பல வீடுகளுக்கு வரும், வரட்டும்.

குளிரில் வளர்ந்த பிள்ளைக்குக் கடற்கரை ஆட்டம் எதுக்கு என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கம் நார்வேயின் ஆண்டர்ஸ் மோல், கிறிஸ்டியான் சோரும் ஜோடிக்குப் போனது. 2024 பாரிஸில் ஸ்வீடனின் டேவிட் ஓமான், யோனதன் ஹெல்விக் ஜோடிக்கு. இரண்டுமே பனி கொட்டுகிற நாடுகள். ஆகவே குளிர் ஒரு தடையே இல்லை. ஆனால் பிள்ளையின் உடம்பை யாரும் ஒழுங்காகப் பார்க்காமலேயே மணலில் இறக்கிவிடுகிறோம், அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. பீச் வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். மாற்று ஆள் கிடையாது. கோர்ட் 16 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது உள்ளரங்கத்தில் ஆறு பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தைவிடக் கொஞ்சமே சிறிய இடத்தை இரண்டு பேர் ஓடி அடைக்க வேண்டும். வலைக்கு மேலே கை நீட்டித் தடுக்கும் பிளாக்கில் பந்து பட்டாலும் மூன்று தொடுதலில் ஒன்றாகக் கணக்கு. 21 புள்ளி வைத்து இரண்டு செட், தேவைப்பட்டால் 15 புள்ளிக்கு மூன்றாவது. ஆறு பேர் ஆட்டத்தில் ஒருத்தனுக்குத் தோள் கொஞ்சம் மோசம் என்றால் அவனை உட்காரவைக்கலாம், பின்வரிசையில் ஒளித்தும் வைக்கலாம். இங்கே அது நடக்காது. எதிர் ஜோடி நாலு சர்வீஸில் கண்டுபிடித்துவிடும், யார் தடுமாறுகிறானோ அவனுக்கே எல்லாப் பந்தையும் போடும், வாங்குவதும் அவன், அடிப்பதும் அவன் என்று ஆகிவிடும். ஏற்கெனவே பலவீனமான தோள் அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாக உழைக்கும்.

சரி, தோளுக்கு வருவோம்.

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பையன் முட்டி வலிக்காக அம்மாவோடு வந்தான். அம்மா கொழுந்து பறிக்கும் வேலை, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். முட்டியைப் பார்த்து முடித்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னேன். "தோளெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், முட்டிக்குத்தான் வந்தேன்" என்றான். ஆட்டக்காரன் யாராக இருந்தாலும் முதுகைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. ஜன்னல் பக்கமாகத் திருப்பி நிற்கவைத்து, பின்னாலிருந்து பார்த்தேன். இடது தோள்பட்டை எலும்பின் மேல் சதை நிறைந்து மேடாக இருந்தது. வலது பக்கம், அதே எலும்பின் குறுக்கே வரப்பு மாதிரி ஓடும் விளிம்புக்குக் கீழே, கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். சாய்ந்த வெளிச்சம் பட்டதால் அதற்குள் நிழலே விழுந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வலிக்குதான்னு கேட்டா இல்லங்கறான் மேடம்" என்றார். உண்மையாகவே அவனுக்கு வலி இல்லை.

அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை இருக்க வேண்டும். கையை வெளிப்பக்கம் திருப்புவதும், ஸ்மாஷ் அடித்து முடித்தபிறகு வேகமாக முன்னால் போகும் கையைப் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலை. அதற்கான நரம்பு கழுத்திலிருந்து வந்து தோள்பட்டை எலும்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு குறுகலான இடுக்கு வழியாகப் போகிறது. ஆயிரக்கணக்கான சர்வீஸிலும் ஸ்மாஷிலும் அந்த இடுக்கில் நரம்பு இழுபட்டு நசுங்கும். அதிலும் பந்து சுழலாமல் மிதந்து போகும்படி போடும் ஃபுளோட் சர்வீஸில் பந்தைத் தட்டியதும் கையைச் சட்டென்று நிறுத்துகிறோமே, அதைத்தான் பல நிபுணர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்த இடத்தில் நரம்பு மூட்டுக்கு உணர்ச்சி தரும் கிளைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வந்துவிடுகிறது, அதனால் தசை கரைந்தாலும் வலி வராது. ஆட்டக்காரன் ஆடிக்கொண்டே இருப்பான், பக்கத்துத் தசைகள் வேலையை ஏற்றுக்கொள்ளும், ஸ்மாஷ் வேகம் குறைவது அவனுக்கே தெரியாது.

இது ஏதோ அபூர்வ வியாதி என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டிக்கு வந்த தொழில்முறை பீச் வாலிபால் வீரர்களின் தோள்களைச் சோதித்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், 30 சதவீதம் பேருக்கு இந்தத் தசை சுருங்கியிருந்தது. உலகத்தரத்தில் ஆடுகிறவர்கள், கூடவே மருத்துவக் குழு இருக்கிறவர்கள், அவர்களிலேயே பத்துக்கு மூன்று பேர்.

வீட்டிலேயே பார்க்கலாம். சட்டை இல்லாமல், கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பின்னாலிருந்து இரண்டு தோள்பட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டி, மடக்கி, உள்ளங்கை உள்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு, நீங்கள் மணிக்கட்டை உள்ளே தள்ளும்போது அவன் வெளியே தள்ள வேண்டும். அடிக்கும் கை அடிக்காத கையைவிடச் சுலபமாக விட்டுக்கொடுத்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எலும்பு மருத்துவரிடம் போங்கள். நரம்புச் சோதனையும் எம்ஆர்ஐயும் தேவைப்படலாம், ஏனென்றால் சில பேருக்கு மூட்டுப் பக்கத்தில் ஒரு நீர்க்கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும், அதற்கு வைத்தியம் வேறு. அந்தப் பையனைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம், கட்டி இல்லை. ஃபுளோட் சர்வீஸை நிறுத்திவைத்து, ரப்பர் பேண்டில் வெளித்திருப்புப் பயிற்சியும் தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் பயிற்சியும் கொடுத்தோம். பலம் பெரும்பகுதி திரும்பிவிட்டது, பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. சீக்கிரம் பார்த்திருந்தால் அந்தப் பள்ளம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது என்பது என் கருத்து.

தோள் விஷயமாக என்னிடம் அதிகம் கேட்பது டேப் ஒட்டிவிடச் சொல்லித்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க பீச் வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்த உலகம் இன்னும் மறக்கவில்லை. மிஸ்டி மே-ட்ரெய்னரோடு சேர்ந்து 2004, 2008, 2012 என்று மூன்று தங்கம் வாங்கியவர் அவர். 2015ல் தோள் நழுவி அறுவை சிகிச்சை செய்துகொண்டு அடுத்த வருஷமே ரியோவில் ஏப்ரல் ராஸோடு வெண்கலம் வாங்கினார். அதற்குப் பின்னால் இருந்த மறுவாழ்வுப் பயிற்சியை யாரும் டிவியில் காட்டவில்லை, டேப்பை மட்டும் காட்டினார்கள். டேப் தசையை வளர்க்காது தம்பிகளா. ஒட்டிவிடுகிறேன், ஆனால் பயிற்சிக்கான ரப்பர் பேண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முட்டிக்கு மணல் கொஞ்சம் கருணை காட்டும். கெட்டித் தரையில் குதித்துக் குதித்து முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் நொந்துபோவதை ஜம்பர்ஸ் நீ என்கிறோம். உள்ளரங்கில் ஆடும் உயர்மட்ட ஆண் வீரர்களிடம் நார்வேயில் நடந்த ஆய்வில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பீச் வீரர்களிடம் அந்த அளவு மிகவும் குறைவு. ஆனால் நம் பிள்ளைகள் மணலில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லையே, பல வருஷம் செம்மண் கோர்ட்டில் குதித்துவிட்டுத்தான் போகிறார்கள். போதாக்குறைக்கு வீட்டுக்குப் போக நூறு படி இறங்க வேண்டும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் அந்தத் தசைநாண்தான் உடம்பைத் தாங்குகிறது. முட்டிச்சில்லின் கீழ் நுனியில் விரலால் அழுத்தினால் சுரீரென்றால், படி இறங்கும்போது வலித்தால், குதிப்பதைக் குறைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் மணல் கருணை காட்டாது. மணலில் நடக்கவே கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். முதல் வாரமே முழு ஆட்டம் ஆடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், கால் கட்டைவிரல் மணலில் மடங்கி வீங்கும்.

இதற்காக ஊரிலேயே மணல் கோர்ட் போடலாமே என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். கோட்டுக்கு வெளியே 3 மீட்டர் சுற்றிலும் விட்டால் 22க்கு 14 மீட்டர். நாற்பது யூனிட்டுக்கு மேல் மணல், அதை மலை ஏற்றும் லாரி வாடகை, மழைக்காலத்தில் தண்ணீர் வடிய ஏற்பாடு. ஆசைப்பட்டு எம்-சாண்ட் கொட்டிவிடாதீர்கள், கூர்மையான பருக்கை, விழுந்து எடுக்கும் ஆட்டத்தில் தோலைக் கிழித்துவிடும். பள்ளிக்கூடத்தில் லாங்ஜம்ப் குழி இருக்கிறதே, அது போதும். குதித்து இறங்கவும், பக்கவாட்டில் நகரவும் வாரம் இரண்டு மூன்று முறை அதில் பழகினாலே கால்கள் மணலைக் கற்றுக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பயம் தருவது வெயில். மே மாதம் இங்கே 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், சென்னையில் 38, 40. உயரத்தில் வளர்ந்ததால் மூச்சுக்கட்டு நன்றாக இருக்கும், ஆனால் வியர்க்கப் பழகாத உடம்பு. முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறி, காலையில் இறங்கி, பத்து மணி வெயிலில் ஆடினால் வாந்தி, தலைசுற்றல், அதற்கு மேலும் போகலாம். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதற்குக் குறுக்குவழி இல்லை. அவ்வளவு நாள் சென்னையில் தங்கக் காசில்லை என்றால் மேட்டுப்பாளையமோ காரமடையோ பஸ்ஸில் இறங்கி, முதலில் சாயங்காலம் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தையும் வெயிலையும் கூட்டிப் பயிற்சி எடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. டீ குடித்தே நாளைக் கழிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது அங்கே ஆகாது. தண்ணீர், உப்புப் போட்ட மோர், ஓஆர்எஸ். ஆடும்போது யாராவது குழறிப் பேசினால், திசை தெரியாமல் நடந்தால், அது சாதாரணக் களைப்பு இல்லை. உடனே நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

பந்தும் மாறும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் இங்கே நேராக வரும் ஃபுளோட் சர்வீஸ் அங்கே ஆட்டம் போடும். இங்கே விதிப்படி காற்றடித்த பீச் பந்தைக் கீழே கொண்டுபோனால் தொளதொளவென்று ஆகிவிடும், மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதே சமாச்சாரம்தான் தலைகீழாக. பம்பும் அழுத்தம் பார்க்கும் கேஜும் பையில் இருக்கட்டும்.

பிழைப்பையும் பேசிவிடலாம், வீட்டில் கேட்கும் கேள்வி அதுதான். பீச் வாலிபாலில் மாதச் சம்பளம் கொடுக்கும் கிளப் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. உலகச் சுற்று 2022லிருந்து பீச் புரோ டூர் என்ற பெயரில் ஃபியூச்சர்ஸ், சேலஞ்ச், எலைட் என்று மூன்று படியாக நடக்கிறது. அடிப்படியில் ஆடுகிறவர்களில் பலர் டிக்கெட், தங்கும் இடம், பயிற்சியாளர் செலவு என்று தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள், பரிசுப் பணத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஜோடியில் ஒருத்தருக்கு அடிபட்டால் இன்னொருத்தரின் வருமானமும் நின்றுவிடும். நம் ஊரில் ஆட்டக்காரனுக்குச் சோறு போடுவது ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை மாதிரி ஆறு பேர் அணி வைத்திருக்கும் இடங்கள்தான். தமிழ்நாட்டு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது. ஆகவே உள்ளரங்க ஆட்டத்தை விட்டுவிட்டு மணலுக்குப் போகச் சொல்லமாட்டேன். அமெரிக்க வீரர் கார்ச் கிராய் 1984லும் 1988லும் ஒலிம்பிக் உள்ளரங்கத்தில் தங்கம் வாங்கிவிட்டு, பீச் வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்ந்த 1996ல், 35 வயதில், அதிலும் தங்கம் வாங்கினார். அவசரம் ஒன்றும் இல்லை. டிகிரியை முடியுங்கள், சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நாளில் எத்தனை சர்வீஸ், எத்தனை ஸ்மாஷ் என்று ஒரு நோட்டில் எழுதவையுங்கள், திடீரென்று இரண்டு மடங்கு ஏறுகிற வாரம்தான் அடிபடும் வாரம். சீசன் தொடங்கும்போதும் முடியும்போதும் தோளைப் பின்னாலிருந்து பார்த்து அதே நோட்டில் குறித்துவையுங்கள். பெண் பிள்ளைகள் முதுகு தெரிகிற ஸ்போர்ட்ஸ் பனியன் போட்டுக்கொண்டு அம்மாவோடோ அக்காவோடோ வந்தால் போதும், கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். போட்டிக்கு முந்தின வாரம் வந்து ஊசியோ டேப்போ கேட்டால் எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. குறைந்த தசைக்குப் பலம் ஏற மூன்று மாதமாவது பிடிக்கும், ஆகவே மே மாதப் போட்டிக்கு ஜனவரியிலேயே வாருங்கள்.