தட்டின் அடியில் இருக்கும் முத்திரையை நம்பாதீர்கள்

பழைய பீங்கானைச் செப்பனிடுவது என் தொழில். ஜப்பானிய நீல-வெள்ளைத் தட்டைக் கொண்டு வருபவர்கள் முதலில் அதைக் கவிழ்த்து அடியில் உள்ள எழுத்தைத்தான் காட்டுவார்கள். "மிங் காலத்துச் சரக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்க" என்பார்கள். எழுத்தும் அப்படித்தான் இருக்கும்: சீனாவின் மிங் பேரரசில், செங்குவா ஆட்சியில் செய்தது. அந்த ஆட்சி 1487-ல் முடிந்துவிட்டது. ஜப்பானின் க்யூஷு தீவில் உள்ள அரிட்டாவில் பீங்கான் சுடத் தொடங்கியதோ 1610களில். சீனப் பீங்கானுக்கு இருந்த மவுசைப் பார்த்து, அரிட்டா குயவர்கள் அதன் முத்திரையையும் வரைந்துகொண்டார்கள். அதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதைக் காட்டி இன்று விலையை ஏற்றுகிறார்களே, அதுதான் மோசடி.

இன்னொரு கணக்கும் சொல்வார்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கட்டாயமாக்கியது. ஆகவே 'நிப்பான்' (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்) என்ற எழுத்து இல்லாத தட்டு அதற்கும் முந்தையதாம்! ஜப்பானியர் தங்கள் வீட்டில் சாப்பிடச் செய்த தட்டில் அந்த எழுத்து எதற்கு?

நான் முதலில் நிறத்தைப் பார்ப்பேன். இயற்கைக் கோபால்ட் கனிமத்தின் நீலம் சற்றுச் சாம்பல் கலந்து, இடத்துக்கு இடம் அடர்த்தி மாறியிருக்கும். 1868-க்குப் பிந்தைய மெய்ஜி காலத்தில் செயற்கைக் கோபால்ட் பரவியது. அந்த நீலம் கண்ணைப் பறிக்கும். அப்போதே அச்சு வேலையும் பெருகியது. வெட்டிய காகிதத்தை வைத்து நிறம் ஏற்றியதால் கோடுகள் விட்டுவிட்டு, புள்ளிபுள்ளியாக இருக்கும். இரண்டு காகிதங்கள் சேரும் இடத்தில் பூவும் கொடியும் பொருந்தாமல் வெட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அந்தப் பிசகுதான் பிடிக்கும். விலையும் குறைவு, தினப்படி புழங்கலாம்.

பெரிய தட்டின் அடியில் சின்னச் சின்ன வடுக்கள் தெரிந்தால் அவற்றைக் குறை என்று ஒதுக்காதீர்கள். சூளையில் நடுப்பகுதி தொய்ந்துவிடாதிருக்க முட்டுக் கொடுத்த தடம் அது. ஜப்பானியத் தட்டு என்பதற்கு முத்திரையைவிட அந்த வடு நல்ல சாட்சி.

சாப்பிடலாமா என்றால், நீலம் மட்டும் உள்ள தட்டில் பெரும்பாலும் கவலை இல்லை. அந்த நிறம் மெருகுக்கு, அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சுக்கு, அடியில் ஏறக்குறைய 1,300 டிகிரி சூட்டில் வெந்தது. மெருகின் மேல் சிவப்பு, பச்சை, பொன் தீட்டியிருந்தால் நிலைமை வேறு. குறைந்த சூட்டில் சுட்ட அந்த நிறங்களில் ஈயம் இருக்கக்கூடும். புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் வேண்டவே வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது மறைத்த ஒட்டுக்குத்தான். விரல் கணுவால் மெதுவாகத் தட்டுங்கள்; மணி போல ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். புற ஊதா டார்ச் அடித்தால், மேலே பூசிய புதுச் சாயம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். எபாக்ஸி பசையால் ஒட்டியதில் சூடான சாப்பாடு வைக்கக் கூடாது. பொன்பூச்சால் இணைத்ததை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஒட்டு உண்டா, எதனால் ஒட்டியது என்பதை விற்பவரிடம் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.