பிளாப் பாஸானால் சீட் கிடைத்துவிடுமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் போன மாதம் மகளோடு கிளினிக்குக்கு வந்திருந்தார். சுகர், பிரஷர் எல்லாம் பார்த்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. "சார், பாப்பா ஹவுஸ் சர்ஜன் முடிச்சிட்டுது. லண்டன் போய் எம்.டி. பண்ணணுங்குது. மாந்தோப்புல பாதியைக் கொடுத்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

தர்மபுரியில் 2008இலும் கிருஷ்ணகிரியில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு, நம் பக்கத்து வீடுகளிலும் இந்தப் பேச்சு சகஜமாகிவிட்டது. நான் பிரிட்டனில் பயிற்சி முடித்துத் திரும்பியவன் என்பதால் என்னிடம் கேட்க வருகிறார்கள்.

முதலில், நாம் சொல்லும் எம்.டி. படிப்பு பிரிட்டனில் இல்லை. வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு வைக்கும் பிளாப் தேர்வு முடித்து அங்குள்ள மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியில் பதிவு செய்தால், வேலை பார்க்க உரிமம் கிடைக்கும். அவ்வளவுதான். டிரைவிங் லைசென்ஸ் வாங்கியவருக்கெல்லாம் பஸ்ஸைக் கொடுத்துவிடுவார்களா? சிறப்புப் பயிற்சி இடத்துக்குத் தனிப் போட்டி. 2025 ஜூலையில் வெளியான பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், அந்த இடங்களில் உள்நாட்டில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தருவோம் என்று அந்நாட்டு அரசே சொல்லிவிட்டது. பயிற்சியில் சேராமல் சாதாரணப் பணியிடத்தில் காலத்தை ஓட்டுகிறவர்கள் நிறைய. இதைக் கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

பிளாப் தேர்வு கஷ்டமா என்றால், முதல் பகுதி நம் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமில்லை. மூன்று மணி நேரம், 180 கேள்விகள். மான்செஸ்டரில் நடக்கும் இரண்டாம் பகுதியில்தான் சறுக்குவார்கள். 16 அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். பெரும்பாலான அறைகளில் நோயாளியாக நடிப்பவர் உட்கார்ந்திருப்பார். இங்கே நம் ஓபியில் "என்ன பண்ணுது?" என்ற கேள்விக்குப் பதில் வருவதற்குள் சீட்டில் மாத்திரை எழுதியிருப்போம். வரிசை வாசல்வரை நிற்கும்போது வேறென்ன செய்வது? அங்கே அந்த எட்டு நிமிடத்தில், "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டால்தான் மார்க். ஆங்கிலம் சரளமாக இருந்தும் இதில் தோற்றவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்கா என்றால், அங்கே டாக்டர் உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகள். ஸ்டெப் 1க்கு 2022 ஜனவரியிலிருந்து மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டுமே. அதனால் மார்க் தெரிகிற ஸ்டெப் 2தான் ஆள் எடுப்பவர்கள் கண்ணில் படும். பயிற்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முடிவு மார்ச்சில் வரும். அதில் இடம் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி கட்டாயம், நோயாளியிடம் பேசுகிற அளவுக்கு.

நான் அடிபட்ட இடம் வேறு. என் இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை 'கே'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. மார்க்‌ஷீட் ஒன்றில் இனிஷியல் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். வெளிநாட்டில் சான்றிதழ் சரிபார்ப்பவருக்கு மூன்று ஆள். அவர்கள் நாம் அனுப்பும் நகலை நம்புவதில்லை, படித்த கல்லூரியிடமே நேரடியாகக் கேட்பார்கள். அந்த மெயில் நான் படித்த கல்லூரி அலுவலகத்தில் யாரும் திறக்காமல் கிடந்தது. ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி, அலுவலக வாசலில் நின்று, நான்கு மாதம் போயிற்று. அதற்குள் விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது.

திரும்பி வருவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. பிரிட்டனில் பொது மருத்துவத்துக்கான எம்ஆர்சிபி தேர்வு மட்டும் முடித்துவிட்டு வந்தால் அது இங்கே எம்.டி.க்குச் சமமாகாது. பயிற்சியை முழுசாக முடித்து அங்கே சான்றிதழ் வாங்க வேண்டும். அது தெரியாமல் பாதியில் வந்து, மறுபடி இங்கே நீட் பிஜி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அப்பா, "அப்போ போக வேணாங்கிறீங்களா சார்?" என்றார். போகட்டும், தோப்பை மட்டும் இப்போது தொட வேண்டாம், முதல் பகுதி எழுதிப் பார்க்கட்டும் என்றேன். அதை இந்தியாவிலேயே எழுதலாம். மகளிடம் பாஸ்போர்ட்டை எடுக்கச் சொல்லி, போனில் இருந்த பட்டச் சான்றிதழ் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். சான்றிதழில் இனிஷியல் 'எம்'. பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரும் சேர்ந்து இருந்தது.