காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கினால்: உங்கள் வயல் காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

களக்காட்டில் ஏத்தன் வாழை போட்டிருப்பவருக்கும் மானூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருப்பவருக்கும் தொல்லை ஒன்றுதான். ராத்திரியில் கூட்டமாக இறங்கும் காட்டுப்பன்றி, விடிவதற்குள் பாதி வயலைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் அரசாங்கத்திடம் இருவரும் கேட்கக்கூடியது ஒன்றல்ல. எதைக் கேட்கலாம் என்பது, வயலுக்கும் காட்டு எல்லைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. நம் நெல்லை, தென்காசிப் பக்கத்து விவசாயிகளில் நிறையப் பேருக்கு இது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. பொருந்தாத மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி நிலம் மூன்றாகப் பிரிகிறது. காப்புக்காட்டு (வனத்துறை எல்லை போட்டுக் காக்கும் காடு) எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியே கிடையாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். சுடுவது யார் என்பதில்தான் குழப்பம் வருகிறது. விவசாயி சுடக் கூடாது, ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவரும் சுடக் கூடாது. பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள்தான் சுட வேண்டும்.

இதற்காக ஊர் அளவில் ஒரு குழு உண்டு. ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), வனத்துறையிலிருந்து ஒருவர் அதில் இருப்பார்கள். விவசாயியின் முறையீடு இந்தக் குழு வழியாக வனச்சரக அலுவலரான ரேஞ்சருக்குப் போகும். நேரே கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அது சுற்றி வந்து கடைசியில் இதே மேசைக்குத்தான் வரும். முதலிலேயே வி.ஏ.ஓ.விடம் ஒரு பிரதியும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுத்து, இரண்டிலும் தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது.

தூரத்தை எங்கிருந்து அளப்பது? கண்ணுக்குத் தெரியும் மலையிலிருந்து அல்ல. காப்புக்காட்டின் எல்லை பல இடங்களில் மலையடிவாரத்தைத் தாண்டிச் சமவெளிக்குள் இறங்கி நிற்கும். சிவந்திபுரம், மணிமுத்தாறு, திருக்குறுங்குடி பக்கம் வயலில் நின்று பார்த்தால் மலை தள்ளி இருப்பதுபோலத் தெரியும், வனத்துறையின் எல்லைக்கல் அதற்கு வெகு முன்னாலேயே இருக்கும். மலையே தெரியாத இடத்திலும் காடு உண்டு. கங்கைகொண்டானில் 288 ஹெக்டேரில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை பல மைல் தள்ளி, ஆனால் காடு வேலிக்கு அந்தப் பக்கம். ஆகவே சர்வே எண்ணைச் சொல்லி, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ரேஞ்சர் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம்தான் மனு.

என் வயலில் நான் ஏன் சுடக் கூடாது?

நியாயமான கேள்வி. பன்றி தின்றது என் வாழை, மண் என் மண். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை, விலங்கு எது என்றுதான் பார்க்கிறது. பட்டா நிலத்தில் நின்றாலும் காட்டுப்பன்றி, சட்டம் பாதுகாக்கும் விலங்குகளின் பட்டியலான அட்டவணையில் உள்ள விலங்குதான். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோது அட்டவணைகளை மாற்றி அடுக்கினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை. மயில், யானை, சிறுத்தை, கரடி எல்லாம் முதல் அட்டவணை.

சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வது கொல்வதை மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, வலை கட்டுவது, விஷம் வைப்பது, இரை போட்டு இழுப்பது, விரட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயல்வது, எல்லாமே வேட்டைதான். பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதில் வரும். முயல் பிடிக்க நாயோடு கிளம்பும் இளவட்டங்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு முயலுக்காகச் சிறைக்குப் போவது அவர்கள் குடும்பம் தாங்கக்கூடிய காரியம் இல்லை. இரண்டாம் அட்டவணை விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, நடந்த இடம் சரணாலயம் என்றாலோ, 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை போகும். கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றம். பைக், துப்பாக்கி, வலை எல்லாம் பறிமுதல்.

விதிவிலக்கு 11-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தந்து அதை வேட்டையாடச் சொல்லலாம். 3 கிலோமீட்டர் ஏற்பாடு நிற்பது இந்த அடித்தளத்தில்தான். பாய்ந்து வரும் விலங்கிடமிருந்து தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு அதைக் கொன்றால் குற்றமில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அது உயிருக்கு மட்டும்தான், வாழைக்குப் பொருந்தாது. அப்படிக் கொல்லப்பட்ட விலங்கும் அரசாங்கச் சொத்து.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. புளியரை தாண்டி ஆரியங்காவு போய்விட்டால் கேரளம். அங்கே 2022 முதல், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் இருக்கிறது, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுட வைக்கிறார்கள். செங்கோட்டைக்காரர்கள் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு “அங்கே சுடுதாங்களே, நாம ஏன் சுடக் கூடாது?” என்று கேட்கிறார்கள். சட்டம் ஒன்றுதான், அந்த அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். கேரளத்து உத்தரவு நம் எல்லைக்குள் செல்லாது.

துப்பாக்கி விஷயத்திலும் வீடு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சரணாலயத்துக்கு உள்ளேயோ அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுத உரிமம் வைத்திருப்பவர்கள் வன உயிரின அதிகாரியிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிதாக உரிமம் தர தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்இசைவு வேண்டும். களக்காடு, முண்டந்துறை, கங்கைகொண்டான், கூந்தன்குளம், தென்காசி மாவட்டத்துக்குள் போய்விட்ட நெல்லை சரணாலயம் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், எத்தனை ஊர் உள்ளே வருகிறது என்று தெரியும்.

இழப்பீடு கேட்பது எப்படி

1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது இழப்பீடுதான். அதைத் தவறவிடுவது பெரும்பாலும் முதல் நாள் காலையில். அழிந்ததைப் பார்த்த ஆத்திரத்தில் சாய்ந்த வாழையை வெட்டித் தள்ளி வயலைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். அப்புறம் வரும் வனக் காவலருக்குப் பார்க்க எதுவும் இருக்காது.

எதையும் தொடாமல் முதலில் போட்டோ எடுங்கள். பன்றி வந்த வயலில் மண் உழுததுபோலக் கிளறிக் கிடக்கும், வாழை என்றால் கிழங்கைத் தோண்டித் தின்றிருக்கும், மரம் வேரோடு சாய்ந்திருக்கும். ஈர வரப்பில் குளம்புத் தடம் பதிந்திருக்கும். அந்தத் தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியையோ பேனாவையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். தென்னங்கன்றின் அடி மட்டும் கரண்டியிருந்தால் அது முள்ளம்பன்றியாக இருக்கலாம், முள் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். எந்த விலங்கு என்று மனுவில் தவறாக எழுதிவிட்டால், பார்வையிட வருபவர் அதையே காரணமாகச் சொல்லிவிடக்கூடும்.

அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். சேத மதிப்பை வேளாண்மைத் துறையோ தோட்டக்கலைத் துறையோ கணக்கிடும். பட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற வி.ஏ.ஓ. கணக்கு), ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோக்கள் வேண்டியிருக்கும். இங்கே பாட்டத்துக்குப் பயிரிடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பக்கம் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய, பட்டா ஒருவர் பெயரில், வியர்வை இன்னொருவருடையது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் இருக்கிறதா என்பதை விதைக்கும்போதே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பன்றி வந்த பிறகு அடங்கலைத் திருத்த ஓடுவது பெரிய அலைச்சல்.

மனித உயிர் போனால் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு இப்போது 10 லட்சம் ரூபாய் தருகிறது. காயத்துக்கும் நிவாரணம் உண்டு, அதற்கு அரசு மருத்துவமனைச் சீட்டு கைவசம் இருப்பது நல்லது.

பொறுமை இழந்து அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் வெடிமருந்து உருண்டை) வைப்பவர்களும், கரண்ட் கம்பியை நேரே வேலியில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அவுட்டுக்காயைப் பன்றிதான் கடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, மேய்ச்சலுக்குப் போன பசு கடித்து வாய் சிதறும். மின்வேலியில் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர் விழுவார். சோலார் வேலி போடலாம், ஆனால் காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் அதற்கும் 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும்.

இந்தத் தூரக் கணக்கில் பூஜ்யத்தில் இருப்பவர்கள் மலைவாழ் பழங்குடியினரான காணிக்காரர்கள். பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி எல்லாம் புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் தேன், மூலிகை போன்ற சிறு வனப் பொருட்களை எடுக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. நீர்நிலைகளில் மீனும் அந்த உரிமையில் வரும். வழிவழியாக வந்த மற்ற உரிமைகளையும் ஏற்கும் அதே சட்டம், வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. அவர்கள் போடும் மரவள்ளியைத் தின்னப் பன்றி எங்கிருந்தும் இறங்கி வர வேண்டியதில்லை, அங்கேயே இருக்கிறது. சுடவும் முடியாது, பிடித்துக் கொண்டுபோய் விட வேறு காடும் இல்லை. அவர்களுடைய இழப்பீட்டு மனுவைத்தான் வனத்துறை முதலில் எடுக்க வேண்டும் என்பேன்.

மானுக்கும் மயிலுக்கும் 3 கிலோமீட்டர் ஏற்பாடு பொருந்தாது. அது காட்டுப்பன்றிக்கு மட்டும். கங்கைகொண்டான் பக்கம் உளுந்தில் மான் இறங்கினாலும், நெல்லில் மயில் இறங்கினாலும் நஷ்டத்துக்கு மனு கொடுக்கலாமே தவிர, இந்த ஏற்பாட்டின்படி பிடிக்கவோ சுடவோ கேட்க முடியாது. இந்த இரண்டுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. தீர்மானத்தில் ‘வனவிலங்குத் தொல்லை’ என்று பொதுவாக எழுதாமல், எந்த விலங்கு, எந்தப் பயிர், எந்தெந்த சர்வே எண், காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி, நகல் ஒன்றை ரேஞ்சர் ஆபீசில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.