தறிக்கொட்டாய்ல தேயுற காது

அம்மாபேட்டைல எங்க பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டுனவர், "காசு எங்க பெரியப்பா"ன்னு கேட்டா "காதுக்கு என்னடா"ம்பாரு, ஆனா தெருமுனைல பஸ் வர்ற சத்தம் நல்லாவே கேக்கும். வேணும்னே பண்றாருன்னு வீட்ல திட்டுவாங்க. பாவம்ங்க, அது அவர் தப்பே இல்ல.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழாய் ஒன்னு, உள்ள திரவம், அதுல சுமார் 15,000 முடி செல்கள் வரிசையா நிக்கும். சத்தம் வந்தா திரவம் ஆடும், அந்த செல்லு தலைல இருக்கற மயிரிழை சாயும், உடனே நரம்புக்கு சிக்னல் போகும். கீச்சு சத்தத்துக்கு குழாயோட வாசல் பக்கம், கனத்த சத்தத்துக்கு சுருளோட நுனின்னு இடம் பிரிச்சிருக்கு. இந்த அலை ஓடுற விதத்த கண்டுபிடிச்ச விஞ்ஞானி பெக்கேசிக்கு 1961ல நோபல் பரிசு குடுத்தாங்க.

நாடா அடிக்கற தறிக்கொட்டாய்ல சத்தம் 90 டெசிபல சாதாரணமா தாண்டும். 85ன்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்னு கணக்கு, அப்போ 94ல ஒரே ஒரு மணி நேரம்தான். செத்த முடி செல் நமக்கு திரும்ப முளைக்காது.

மொதல்ல அடிவாங்கறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சு சத்தம் கேக்கற இடம். ச, ட மாதிரி மெய்யெழுத்து சத்தமெல்லாம் மேல் சுருதிலதான் அதிகம், ஆ ஓன்னு உயிரெழுத்து கீழ. அதனால பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு புரியாது. நாம கத்துனா ஏற்கனவே கேக்கற ஆ ஓ தான் பெருசாகும், சத்தத்த அளவா பாத்துக்கற செல்லும் போயிட்டதால "ஏன்டா கத்தற, வலிக்குது"ன்னு கோவம் வேற வரும்.

மொதல்ல டெஸ்ட் எதுவும் பாக்காம காது கேக்கற மெஷின் ஒன்னு வாங்குனோம், எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்துச்சு, ரெண்டே நாள்ல பீரோக்குள்ள போயிருச்சு. அப்புறம் ஆடியோகிராம்னு காது எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற டெஸ்ட் எடுத்து, எந்த சுருதில எவ்வளவு கொறைச்சலோ அங்க மட்டும், அதுவும் மெல்லிசான சத்தத்த ஜாஸ்தியா பெரிய சத்தத்த கம்மியா ஏத்தற மாதிரி செட் பண்ணாங்க. இப்போ எதுத்தாப்ல நின்னு மெதுவா பேசுனா போதும்.

அவர் பையன் இப்பவும் தறிலதான், காதுல பஞ்சு வெச்சுக்கறான். பஞ்சு பத்தாதுங்க. ஃபோம் இயர் பிளக்க நல்லா ஒல்லியா உருட்டி, இன்னொரு கையால காத மேல இழுத்து சொருகி, உள்ள விரியற வரைக்கும் விரலால புடிச்சுக்கணும்.