மஞ்சப் பையில கிடந்த டீ கப்

சர்க்குலர் எகானமி, அதாவது பொருள குப்பையாக்காம திரும்பத் திரும்பப் பயன்படுத்துறதுன்னு இப்ப எல்லா கான்ஃபரன்ஸ்லயும் ஸ்லைடு போடுறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸா நான் பாத்த வரைக்கும் அது நடக்குறதும் நடக்காததும் வார்டுல இருக்குற பக்கெட்டுலதான்.

ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடியுற நேரம், நோய்க் குப்பை போடுற மஞ்சப் பைய கட்டுறதுக்கு முன்னாடி எட்டிப் பாத்தேன். மேலாப்புல ஒரு பேப்பர் டீ கப், சிரிஞ்ச் பிரிச்ச ரேப்பர், சலைன் பாட்டிலோட வெளி கவர், அதுக்கடியில டிரிப்ஸ் ஏத்துற முழு ஐ.வி. செட் ஒண்ணு சுருண்டு கிடக்கு. இதுல ஒண்ணுகூட மஞ்சளுக்குப் போகவேண்டியது இல்ல.

மஞ்சப் பை பெரும்பாலும் எரிக்கத்தான் போகும், ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங், ஆபரேஷன்ல எடுத்த சதை இதெல்லாம் அதுல. 2016 மருத்துவக் கழிவு ரூல்ஸ்படி ஐ.வி. டியூப், கதீட்டர், யூரின் பேக், ஊசிய நீக்குன சிரிஞ்ச், கிளவுஸ் எல்லாம் சிவப்புப் பைக்கு. அத ஆட்டோகிளேவ்லயோ (அழுத்தத்துல நீராவி விடுற மெஷின்) மைக்ரோவேவ்லயோ கிருமி நீக்கி, துண்டு துண்டா அரைச்சு, அப்புறந்தான் ரீசைக்கிள் பண்றவங்ககிட்ட குடுப்பாங்க. ரீசைக்கிள்னா சலைன் பாட்டில பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போடுறதுன்னு தயவுசெஞ்சு நினைச்சுடாதீங்க, அரைக்காம வெளிய போன சிரிஞ்ச் கழுவி திரும்ப மார்க்கெட்டுக்கு வந்துடக்கூடாதுன்னுதான் இவ்ளோ கெடுபிடி. சிவப்புக்குப் போகவேண்டிய பி.வி.சி. டியூப் மஞ்சள்ல போச்சுன்னா பிளாஸ்டிக்கும் வீண், அதுல இருக்குற குளோரின் எரியும்போது டயாக்ஸின்ங்கிற நச்சு வேற வரும்.

ஆஸ்பத்திரிக் குப்பையில சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா ரத்தம் பட்ட பஞ்சோட அந்த டீ கப் சேந்துட்டா, அதையும் நோய்க் குப்பையாத்தான் அனுப்பணும், கிலோ கணக்குல பில் வர்ற இடத்துல அதுக்கும் காசு.

ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட "என்னக்கா இது"ன்னேன். "சிஸ்டர், நான் கட்டித்தான எடுத்துட்டுப் போறேன், போடுறது நீங்கதான"ன்னாங்க. சுருக்குன்னுச்சு. டிரெயினிங்குன்னா அவங்களத்தான் வரிசையா உக்கார வெக்கிறோம், கிளவுஸ கழட்டி கைக்குக் கிட்ட இருக்குற பக்கெட்டுல வீசுறது நாங்களும் டாக்டருங்களும்.

அப்பதான் கவனிச்சேன், சிவப்பு பக்கெட் கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு, மஞ்சள் பக்கெட் மருந்து டிராலி பக்கத்துல. ரெண்டையும் டிராலிகிட்டயே வெச்சோம், ரேப்பருக்குன்னு ஒரு அட்டைப்பெட்டி. போஸ்டர் ஒட்டி நடக்காதது இதுல ஓரளவுக்கு நடந்துச்சு.

ஆபரேஷன் தியேட்டர்ல இன்னும் சரியாகல. அங்க பாதி ரேப்பர் பேஷன்ட்ட டேபிள்ல படுக்க வைக்கிறதுக்கு முன்னாடியே பிரிக்கிறது, ஒரு சொட்டு ரத்தம் பட்டிருக்காது. கேஸ் ஆரம்பிக்கிறதுக்குள்ள அத மட்டும் தனியா ஒரு பையில கட்டி வெளிய வெச்சுடலாம்னு கேட்டுட்டே இருக்கேன், பை வைக்க இடமில்லங்கிறாங்க.